ஒரே பெட்டிக்குள் மூன்று கட்டடங்கள்

நோட்டீஸ் வந்த அன்று முர்ஷிதா அழவில்லை. கதவுக்குக் கீழால் தள்ளிவிடப்பட்டிருந்த ஐந்து தாள்களையும் நின்றபடியே வாசித்தாள். கட்டடத்தின் நிலக்கீழ்ச் சுவர் வெடித்துவிட்டதாம். குழாய்கள் உக்கிவிட்டனவாம். பெரிய திருத்த வேலை நடக்கவிருப்பதால் நூற்றிருபது நாட்களுக்குள் எல்லாக் குடும்பங்களும் வீட்டைக் காலி செய்ய வேண்டுமாம். கடைசித் தாள் ஒரு பொறியியலாளரின் அறிக்கை. அதில் ஒரு வண்ணப் படம்: சுவரில் மேலிருந்து கீழாக மூன்று வெடிப்புகள், பக்கத்தில் துருப்பிடித்த குழாய், அதன் கீழே ஒழுக்குக்கு வைத்த, பிடி உடைந்த ஒரு நீல வாளி.

அவள் கணவன் நிஸ்தார் மொன்றியலுக்கு லொறி ஓட்டுபவன். வீட்டுக்கு வந்து, சப்பாத்தைக் கழற்றமுன்னரே தாள்களை வாங்கி வாசித்தான். வாசித்து முடித்ததும் அவன் முகத்தில் வந்தது கோபமல்ல, ஒருவித நிம்மதி. அதுதான் முர்ஷிதாவுக்குப் பொறுக்கவில்லை.

"வேற ரவுனுக்கு, விட்பிக்குப் போவம்," என்றான். "கையெழுத்து வைச்சால் ஏதோ கொஞ்சம் காசு தருவினமாம். சாமான் கட்ட நாலு மாசம் இருக்கு."

"ஏன் போகவேணும்?"

"போகச் சொல்லிப்போட்டாங்கள். பிறகென்ன?"

இருவருமே யாழ்ப்பாணத்துச் சோனகதெருவில் பிறந்தவர்கள். தொண்ணூறாம் ஆண்டு ஒக்ரோபரில், முஸ்லிம்கள் எல்லோரும் இரண்டு மணித்தியாலத்தில் ஊரைவிட்டு வெளியேறவேண்டும் என்று இயக்கத்தார் துவக்கோடு வந்து சொன்னபோது அவளுக்கு ஆறு வயது, அவனுக்கு ஒன்பது. ஒரே நாள், ஒரே தெரு. ஆனால் இருவரும் படித்துக்கொண்ட பாடம் வேறு. நேரம் தந்தால் முன்னதாகவே மூட்டையைக் கட்டிவிட வேண்டும் என்பது நிஸ்தாரின் பாடம். அன்று வெறுங்கையோடு போனதுதான் அவனுடைய வாப்பாவைக் கொன்றது என்று அவன் நம்பினான். முர்ஷிதா தன் பாடத்தை வாயால் சொன்னதில்லை. ஒருமுறை எழும்பிப் போனது காணும் என்பதுதான் அவளுடையது.

ஸ்காபரோவில் அந்த ஆறு மாடி மஞ்சள் செங்கல் கட்டடத்துக்கு அவர்கள் வந்து பதினொரு வருடம். மகள் நுஸ்ரா அங்கிருந்து நடந்தே பள்ளிக்கூடம் போனாள். முர்ஷிதா வீட்டிலிருந்தே வேலை செய்தாள். சுற்றுவட்டாரத்துப் பிளாஸாக்களில் இருக்கும் சிறு கடைகளுக்கு இணையத்தளம் செய்துகொடுப்பது அவள் தொழில். கேற்றரிங் கடை, புடைவைக் கடை, ஹலால் இறைச்சிக் கடை, டிரைவிங் ஸ்கூல், பல் வைத்தியர் என்று பதினொரு பேர். அந்தப் பதினொன்றும் அயன் பண்ணுகிற மேசைக்குக் கீழே இருந்த ஒரே கணினிக்குள் ஓடின. எங்கோ ஓர் அலுவலகம் மூடியபோது மலிவாக வாங்கிய பழைய கறுப்புப் பெட்டி அது. விசிறி சத்தம் போடும். மற்றப்படி சொன்ன சொல் கேட்கும்.

ஒரு கணினிக்குள் பதினொரு தளங்கள் எப்படி என்று யாராவது கேட்டால் அவள் கட்டடத்தை உதாரணம் காட்டுவாள். தெருக்கதவு ஒன்றுதான், உள்ளே பல வீடுகள். யார் வீட்டுக்கு வந்தாய் என்று வாசலில் கேட்டு அனுப்பவேண்டும். ஒவ்வொரு தளத்துக்கும் அவள் ஒரு செல்லப் பெயர் வைப்பாள். அந்தப் பெயர் இந்தப் பெட்டிக்குள்தான் இருக்கிறது என்று கணினியின் ஒரு கோப்பில் எழுதுவாள். எந்தப் பெயர் கேட்டால் எந்த அறையைத் திறப்பது என்று, வாசலில் நின்று கேட்கிற சேர்வர் மென்பொருளின் பட்டியலில் எழுதுவாள். அவ்வளவுதான். செய்து, உடைத்து, மறுபடி செய்து பார்ப்பதெல்லாம் உள்ளே. சரியாக வந்த பின்தான் வெளியே, உலகம் பார்க்கிற சேர்வருக்கு ஏற்றுவாள்.

நோட்டீஸ் வந்து மூன்றாம் நாள் பன்னிரண்டாவது அறையைத் திறந்தாள். அதற்கு 'மஞ்சள்' என்று பெயர். கட்டடத்தில் எந்த வீட்டில் எதைத் திருத்தச் சொல்லிக் கேட்டார்கள், எத்தனை மாதம் ஒருவரும் வரவில்லை, நோட்டீஸில் என்ன எழுதியிருக்கிறது என்று எல்லாவற்றையும் படத்தோடு ஓரிடத்தில் சேர்க்கவேண்டும் என்பது அவள் எண்ணம். லிஃப்ற்றுக்குப் பக்கத்தில் ஒரு தாள் ஒட்டினாள்: இணையத்தளத்தில் சேர்ப்பதற்கு உங்கள் வீட்டுப் படங்களை 408ஆம் வீட்டுக்குக் கொண்டுவந்து தாருங்கள்.

தாள் ஒட்டிய செய்தி கட்டடத்தைத் தாண்டிப் போனது. முதலில் டிரைவிங் ஸ்கூல் வினோதன் போன் எடுத்தான். அவன் இரண்டு தெரு தள்ளி, வெள்ளைப் பல்கனி வைத்த கட்டடத்தில் இருப்பவன்.

"அக்கா, எங்களுக்கும் உதே நோட்டீஸ் வந்திருக்கு. எங்களுக்கும் ஒரு வெப்சைற் செய்து தாறியளே? ஆனா எங்கட பேப்பருகளை உங்கட ஆக்களின்ரயோட கலக்கவேண்டாம். எங்கட ஓனர் வேற கொம்பனி. பிறகு வழக்குக்குப் பிரச்சினை வரும் எண்டு பில்டிங்கில சொல்லுகினம்."

அடுத்து கேற்றரிங் கடையில் வேலை செய்யும் அருள்நாயகி அன்ரி. அவர் சிவப்புச் செங்கல் கட்டடம். அங்கும் நோட்டீஸ், அங்கும் வேறு கொம்பனி, அவருக்கும் கலக்கக்கூடாது. சரி என்று முர்ஷிதா 'சிவப்பு', 'வெள்ளை' என்று இன்னும் இரண்டு அறைகள் திறந்தாள். மூன்று கட்டடமும் ஒரே அச்சில், ஆனால் தனித்தனியாக. பட்டியலில் மற்றக் கடைகளுக்கு மேலே அவற்றைப் போட்டாள். தன் வீடு என்பதால் மஞ்சளை முதலாவதாகப் போட்டாள்.

ஒரு செவ்வாய்க்கிழமை மத்தியானம் அருள்நாயகி அன்ரி வந்தார். அறுபது வயதிருக்கும். கடைச் சீருடையைக்கூட மாற்றவில்லை. கையில் ஒரு துணிப்பை, அதற்குள் தன் கட்டடத்துத் தாள்கள்.

"பிள்ளை யாழ்ப்பாணத்தில எவ்விடம்?" என்று கதிரையில் இருந்தபடி கேட்டார்.

"சோனகதெரு, அன்ரி."

அன்ரி கையிலிருந்த பையின் வாரைச் சற்று நேரம் விரலில் சுற்றினார். பிறகு, "எங்கட வீடு கஸ்தூரியார் வீதியில. உங்கட ஆக்கள் நடந்து போனதைப் படலையில நிண்டு பாத்தனான்," என்றார். அவ்வளவுதான் சொன்னார். முர்ஷிதா தேத்தண்ணி போட எழும்பினாள். எழும்பமுன்னர், உங்களுடையது எப்படி வரும் என்று பாருங்கோ என்று திரையில் 'சிவப்பு' என்று அடித்து அறிக்கைப் பக்கத்தைத் திறந்துவிட்டுக் குசினிக்குப் போனாள். அது வெறும் பக்கமாகத்தான் இருக்கவேண்டும். அன்ரியின் தாள்களை இன்னும் ஸ்கேன் பண்ணவில்லை.

குசினிக்குள் நிற்க அன்ரியின் குரல் கேட்டது.

"அட, அதுக்குள்ள ஏத்திப்போட்டியே! ஓம், இதுதான். இந்தச் சுவர்தான்."

முர்ஷிதா தேயிலைப் போத்தலைக் கையில் வைத்தபடி எட்டிப் பார்த்தாள். திரை நிறைய வெடித்த சுவர், துருக் குழாய், நீல வாளி. தலைப்பில் சின்ன எழுத்தில் மஞ்சள் கட்டடத்தின் முகவரி.

என்ன நடந்தது என்று அவளுக்கு உடனே விளங்கியது. சேர்வரின் பட்டியலில் 'சிவப்பு' என்று எழுதும்போது ஓர் எழுத்தை விட்டிருந்தாள். கேட்ட பெயர் பட்டியலில் இல்லாவிட்டால் சேர்வர் திகைத்து நிற்காது, முதலாவதாக இருக்கிற அறையைத் திறந்து காட்டிவிடும். முதலாவது மஞ்சள். தொழில் தொடங்கிய காலத்தில் இப்படி ஒருமுறை பல் வைத்தியரின் பெயரில் இறைச்சிக் கடை வந்து நின்றிருக்கிறது.

"இல்லை அன்ரி, பிழையாத் திறந்திட்டுது. இது எங்கட பில்டிங்கின்ர படம்."

"என்ன பிள்ளை விசர்க்கதை கதைக்கிறாய்? இது எங்கட பேஸ்மென்ற்."

"அன்ரி, மேல பாருங்கோ, எங்கட அட்ரஸ் கிடக்கு."

"அட்ரஸை விடு. இந்த வாளியை நான் நோட்டீஸ் வந்த நாளில இருந்து தினமும் பாக்கிறன். எங்கட சனம் எல்லாம் இதைக் காட்டித்தான் பயப்படுகுது." அன்ரி பைக்குள் கைவிட்டுத் தாளை இழுத்து மேசையில் போட்டார். "இந்தா!"

முர்ஷிதா தேயிலைப் போத்தலைக் கீழே வைத்தாள். தாளைத் திரைக்குப் பக்கத்தில் பிடித்தாள். மூன்று வெடிப்பு. நடு வெடிப்பு முழங்கைபோல ஓரிடத்தில் வளைந்திருந்தது. வாளியின் உடைந்த பிடி இடப்பக்கம் தொங்கிக்கொண்டிருந்தது. ஒன்றுக்கொன்று மயிரிழை வித்தியாசம் இல்லை.

இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள்.

"வினோதனுக்குப் போன் அடி," என்றார் அன்ரி. அவர் வினோதனைக் கண்டதில்லை. வெள்ளைக் கட்டடத்தில் அப்படி ஒருவர் இருக்கிறார் என்று முர்ஷிதா சொல்லி மட்டும் தெரியும்.

வினோதன் போனில் படம் பிடித்து அனுப்பினான். அதே சுவர், அதே வாளி. அறிக்கையின் வசனங்களும் ஒன்றே. கட்டடத்தின் முகவரியும் கொம்பனியின் இலக்கமும்தான் மாறியிருந்தன. பெயருக்குப் பதிலாக வெறும் இலக்கத்தில் பதிந்திருந்த அந்த மூன்று கொம்பனிகளுக்கும் தபால் போகும் விலாசத்தை அரசாங்கப் பதிவில் தேடியபோது, நோர்த் யோர்க்கில் ஒரே கட்டடம், ஒரே மாடி, ஒரே அறை. மூன்று ஓனரில்லை. ஒரே ஆள் மூன்று பெயரில் நிற்கிறார்.

முர்ஷிதாவுக்குச் சிரிப்பு வந்தது. பெட்டி ஒன்று, பெயர் பல என்ற வித்தை தனக்கு மட்டும் தெரிந்ததென்று இதுவரை நினைத்திருந்தாள்.

விட்ட எழுத்தைப் போட்டாள். சிவப்பு அறை சரியாகத் திறந்தது. அன்ரியின் தாளை ஸ்கேன் பண்ணி அதற்குள் ஏற்றினாள். வினோதனின் படத்தை வெள்ளைக்குள் ஏற்றினாள். பிறகு மூன்று தளங்களையும் ஒரே திரையில் பக்கம் பக்கமாகத் திறந்துவைத்தாள். மூன்று பெயர், மூன்று முகவரி, ஒரே வாளி.

நிஸ்தார் வந்து மூன்று படங்களையும் ஒவ்வொன்றாகக் கிட்டக் குனிந்து பார்த்தான். "சரி, பொய்தான். ஆனா அவங்களோட மோதி நாங்கள் வெல்லுவமே?" என்றான். "வெளியில விடாத. முதல்ல ஆராவது ஒரு லோயரிட்டக் கேப்பம்."

லோயரைக் கேட்டார்கள். குடிவாடகையாளருக்கு இலவசமாக உதவும் சட்ட நிலையத்தில் பிரதீபா என்ற வழக்கறிஞர் தாள்களைப் பார்த்துவிட்டு, "ஒருத்தரும் ஒண்டிலயும் சைன் வைக்கவேண்டாம்," என்றார். "நோட்டீஸ் தந்தால் உடன போகவேணும் எண்டு சட்டமில்லை. குடிவாடகை வழக்குப் பாக்கிற போர்ட்டில விசாரணை வைச்சு, அவை ஓடர் போட்டால்தான். அதுவரைக்கும் அது உங்கட வீடு."

அந்தக் கடைசி வசனத்தை முர்ஷிதா பஸ்ஸில் வரும்போது இரண்டு மூன்று தடவை மனதுக்குள் சொல்லிப் பார்த்தாள்.

அதற்கிடையில் லிஃப்ற்றடியில் ஒட்டிய தாள் கட்டட மனேஜர் ஜூலியனின் கண்ணிலும் பட, அவன் முர்ஷிதாவின் தொழிலைப்பற்றி அக்கம்பக்கத்தில் விசாரித்திருந்தான். ஒரு வாரத்தில் இன்னொரு கடிதம் வந்தது. 408ஆம் வீட்டில் குடியிருப்பவர் பல இணையத்தளங்களை இயக்கும் சேர்வர்களை வைத்து வணிகம் நடத்துவதாகத் தகவல் கிடைத்திருக்கிறது. இது தீ அபாயம், வாடகை ஒப்பந்தத்தை மீறுவது. நாளை காலை பத்து மணிக்குப் பரிசோதனைக்கு வருகிறோம்.

"பாத்தியா?" என்றான் நிஸ்தார். "நான் சொன்னன்."

"வரட்டும்."

"மறைச்சு வைப்பம். கொண்டுபோய் லொறிக்குள்ள வைக்கிறன்."

"என்னத்தை மறைக்கிறது? களவெடுத்த சாமானே?"

மறுநாள் பத்துக்கு ஜூலியன் வந்தான். நாற்பது வயதிருக்கும், களைத்த முகம். கூடவே பெட்டியோடு ஓர் எலெக்ட்ரிஷியன். ஜூலியன் ஆங்கிலத்தில்தான் பேசினான், முர்ஷிதாவும் ஆங்கிலத்திலேயே பதில் சொன்னாள்.

"சேர்வர் அறை எங்கே?"

"இதுதான்," என்று அயன் மேசைக்குக் கீழே காட்டினாள். மேசைமேல் நுஸ்ராவின் பள்ளிக்கூடச் சட்டை பாதி அயன் பண்ணிக் கிடந்தது.

ஜூலியன் குனிந்து பார்த்தான். படுக்கையறையை எட்டிப் பார்த்தான். குளியலறைக் கதவைக்கூடத் திறந்தான். திரும்பி வந்தான். "மற்றவை?"

"மற்றவை இல்லை. ஒன்றுதான்."

"எத்தனை இணையத்தளம் ஓடுகிறது?"

"பதினாலு."

"ஒன்றிலா?"

எலெக்ட்ரிஷியன் சுவரில் மீற்றரை வைத்துப் பார்த்துவிட்டு, பக்கத்தில் இருந்த அயன் பெட்டியைக் காட்டி, இது இழுக்கிற மின்சாரத்தில் கால்வாசிகூட அது இழுக்காது என்று சொல்லித் தன் பெட்டியை மூடினான். ஜூலியனுக்கு அது போதவில்லை. பதினாலு தளத்துக்கும் வெளியிலிருந்து ஆட்கள் வந்துபோகிறார்கள்தானே, அப்படியானால் இது வணிக சேர்வர்தானே என்றான்.

முர்ஷிதா குனிந்து கணினியின் பின்னாலிருந்த இன்ரநெற் வயரைப் பிடுங்கினாள். அதை அவன் கையிலேயே கொடுத்தாள். பிறகு கதிரையில் இருந்து ஒவ்வொன்றாகத் திறந்தாள். கேற்றரிங் கடை வந்தது. புடைவைக் கடை வந்தது. பல் வைத்தியர் சிரித்தார்.

"இது என் வேலைமேசை," என்றாள். "நான் செய்து பார்க்கிற இடம். இந்தப் பெயர்கள் இந்தப் பெட்டிக்கு மட்டும்தான் தெரியும். வெளியே ஒரு குருவிக்கும் தெரியாது."

ஜூலியன் கையிலிருந்த வயரைப் பார்த்தான். "அப்படியானால் இவற்றை வேறு யாரும் பார்க்க முடியாது?"

"நான் விடும்வரைக்கும்."

சொல்லிக்கொண்டே அடுத்ததைத் திறந்தாள். பக்கம் பக்கமாக மூன்று வாளிகள் திரையில் வந்தன. ஜூலியன் திரைக்குக் கிட்டக் குனிந்தான். நிமிர்ந்தபோது அவன் முகம் மாறியிருந்தது.

"இது எந்தக் கட்டடம்?" என்று மெல்லக் கேட்டான்.

"மனேஜர் நீங்கள். நீங்கள்தான் சொல்லவேண்டும்."

அவன் வயரை மேசையில் வைத்துவிட்டு எலெக்ட்ரிஷியனோடு போய்விட்டான். பரிசோதனைபற்றிப் பிறகு ஒரு கடிதமும் வரவில்லை. ஆனால் கட்டடம் முழுவதற்கும் ஓர் அறிவித்தல் வந்தது: சனிக்கிழமை பின்னேரம் இரண்டு மணிக்குக் கீழ்மாடி மண்டபத்தில் கூட்டம். காலி செய்ய உடன்பட்டுக் கையெழுத்திடுவோருக்கு அங்கேயே ஏற்பாடுகள் செய்யப்படும்.

சனிக்கிழமை நிஸ்தாருக்கு லீவு. முர்ஷிதா கறுப்புப் பெட்டியின் வயர்களைக் கழற்றத் தொடங்கியதும் அவன் பத்திரிகையை மடித்து வைத்தான்.

"என்ன செய்யிறாய்?"

"கீழ கொண்டுபோறன். மண்டபத்தில பெரிய ரீவி இருக்கு."

"இவ்வளவையும் காவிக்கொண்டோ?"

"என்னட்ட லப்டொப் இல்லை. வேற என்ன செய்ய?"

அவன் பெருமூச்சு விட்டுப் பெட்டியைத் தூக்கித் தோளில் வைத்தான். "பாரத்துக்காகத்தான் வாறன். நான் ஒண்டும் கதைக்கமாட்டன்."

மண்டபத்தில் எண்பது பேருக்கு மேல். முன்னால் நீள மேசை, அதன்மேல் கையெழுத்துத் தாள்கள் அடுக்கியிருந்தன. கொம்பனியிலிருந்து சாம்பல் நிறக் கோட் போட்ட ஒரு பெண் வந்திருந்தாள். அவளுக்குப் பக்கத்தில் ஜூலியன். கடைசி வரிசையில் அருள்நாயகி அன்ரி சிவப்புக் கட்டடத்து ஆட்கள் பத்துப் பேரோடும், வினோதன் தன் ஆட்களோடும் வந்து இருந்தார்கள்.

"வெளியாட்கள் தயவுசெய்து வெளியேற வேண்டும்," என்றாள் கோட் போட்ட பெண்.

"அவர்கள் என் விருந்தாளிகள்," என்றாள் முர்ஷிதா. "என் வீட்டுக்கு விருந்தாளி வரலாம். ஒப்பந்தத்தில் இருக்கிறது. ஏழாம் பக்கம்."

அவள் பெட்டியை ரீவியோடு இணைத்துக்கொண்டிருக்க, அந்தப் பெண் ஜூலியனிடம் ஏதோ குனிந்து சொன்னாள். பிறகு நிமிர்ந்து, மண்டபத்து வைஃபை இன்று திருத்தவேலைக்காக நிறுத்தப்பட்டிருக்கிறது, ஆகவே எதையும் காட்ட முடியாமல் இருக்கும், வருந்துகிறோம் என்றாள். ஜூலியன் தரையைப் பார்த்தான். அந்தப் பெட்டிக்கு வைஃபை தேவையில்லை என்று அந்த மேசையில் இருந்தவர்களில் அவனுக்கு மட்டும் தெரியும். அவன் சொல்லவில்லை. ஏன் சொல்லவில்லை என்று முர்ஷிதா பிறகு பலமுறை யோசித்திருக்கிறாள்.

விசிறி சத்தம் போட்டது. ரீவியில் மஞ்சள் வந்தது.

"இது எங்களுக்கு வந்த அறிக்கை," என்றாள். சனம் தலையாட்டியது. பக்கத்தில் சிவப்பைத் திறந்தாள். அதற்குப் பக்கத்தில் வெள்ளையை. ஒரு நிமிடம் யாருக்கும் ஒன்றும் விளங்கவில்லை. பிறகு முன்வரிசையில் ஒரு கயானாக்காரர், "அது அதே படமல்லவா?" என்றார். மண்டபம் முழுக்கச் சலசலத்தது.

அருள்நாயகி அன்ரி தாளைத் தலைக்கு மேலே உயர்த்திப் பிடித்தபடி எழுந்தார். "நான் கேக்கிறதை இங்கிலீசில சொல்லு பிள்ளை. மூண்டு பில்டிங்கும் ஒரே மாதிரி வெடிக்கலாம். சரி, வெடிக்கட்டும். இந்தப் பிடி உடைஞ்ச வாளி எப்பிடி மூண்டு பேஸ்மென்றிலயும் நிக்குது? பஸ் பிடிச்சு வந்ததோ?"

முர்ஷிதா ஆங்கிலத்தில் சொன்னாள். முதலில் ஒருவர் சிரித்தார். பிறகு மண்டபமே சிரித்தது. சிரிப்பு ஓய்ந்தபோது அதில் பயம் மிச்சமிருக்கவில்லை. சோமாலியப் பெண் ஒருத்தி, கூட்டம் தொடங்கமுன்னரே தான் கையெழுத்திட்டுக் கொடுத்த தாளை மேசையிலிருந்து தேடி எடுத்தாள். கோட் போட்ட பெண், "அது எங்களுடையது," என்றாள். "கையெழுத்து என்னுடையது," என்று சொல்லி அவள் அதை மடித்துக் கைப்பைக்குள் வைத்தாள்.

"பேஸ்மென்ற்றைத் திறந்து காட்டுங்கள்," என்று பின்னாலிருந்து ஒரு குரல் வந்தது. தமிழ் உச்சரிப்போடு, கட்டையான ஆங்கிலம். முர்ஷிதா திரும்பிப் பார்த்தாள். நிஸ்தார். ஒன்றும் கதைக்கமாட்டேன் என்றவன் எழும்பி நின்றுகொண்டிருந்தான். "இப்போதே. எல்லோரும் போய்ப் பார்ப்போம்."

திறக்கவில்லை. காப்புறுதிக் காரணங்களைச் சொன்னார்கள். அன்று ஒருவரும் கையெழுத்து வைக்கவில்லை.

திங்கட்கிழமை ஜூலியன் போன் எடுத்தான். முர்ஷிதா ஸ்பீக்கரில் போட்டாள், நிஸ்தாரும் கேட்டுக்கொண்டிருந்தான். மேலிடத்தில் பேசினார்களாம். 408க்குக் கொடுத்த நோட்டீஸை முழுவதுமாக மீளப் பெறுவார்களாம். வேலை நடக்கும்போதும் அவர்கள் அங்கேயே இருக்கலாமாம், எழுத்தில் தருவார்களாம். ஒன்றே ஒன்று. அந்த மூன்று தளமும் பெட்டிக்குள்ளேயே இருக்கவேண்டும். வெளியே போகக்கூடாது.

"இது நானாகச் சொல்வதில்லை," என்றான் ஜூலியன். "சொல்லச் சொன்னதைச் சொல்கிறேன்."

"தெரியும். நானும் சொல்கிறேன், அதையும் போய்ச் சொல்லுங்கள். வேண்டாம்."

போனை வைத்ததும் நிஸ்தார் வெடித்தான். "உனக்கென்ன பிடிச்சிருக்கு? இதைத்தானே கேட்டாய்? போகமாட்டன் எண்டாய், போகவேண்டாம் எண்டுறாங்கள். பிறகும் வேண்டாமாம்!"

"எனக்கு மட்டும் எண்டு நான் எப்ப கேட்டனான்?"

"மற்ற ஆக்களுக்கு நீ பொறுப்பே?"

"அருள்நாயகி அன்ரி அண்டைக்கு என்ன சொன்னவ தெரியுமே? நாங்கள் நடந்து போறதைப் படலையில நிண்டு பாத்தவவாம்." அவள் குரல் உயரவில்லை. "நான் படலையில நிண்டு பாக்கமாட்டன். அவ போறதை நான் பாத்துக்கொண்டு இருக்கமாட்டன்."

நிஸ்தார் சாவியை எடுத்துக்கொண்டு வெளியே போனான். முர்ஷிதா கணினிக்கு முன்னால் இருந்தாள். மூன்று தளத்துக்கும் உலகம் பார்க்கும் பெயர்கள் வாங்கி வைத்திருந்தாள். ஏற்றவேண்டியதுதான் பாக்கி. பயமில்லாமல் இருக்கவில்லை. அவளுடைய வாடிக்கையாளர்களில் நாலைந்து பேருக்குக் கடை வாடகைக்குக் கொடுத்தவர்கள் இந்தக் கொம்பனிக்காரரோடு பழக்கமானவர்கள். இனி வேலை தருவார்களோ தெரியாது. விரல்கள் விசைப்பலகையில் கொஞ்ச நேரம் சும்மா கிடந்தன.

அரை மணித்தியாலத்தில் நிஸ்தார் திரும்பி வந்தான். ரிம் ஹோர்ட்டன்ஸ் கோப்பி இரண்டு. ஒன்றை அவளுக்கு முன்னால் வைத்தான்.

"மஞ்சளில, போகமாட்டம் எண்டு சனம் பேர் போட்ட லிஸ்ட் ஒண்டு வைச்சிருக்கிறாய்தானே?"

"ஓம்."

"அதில என்ர பேரும் போடு. முழுப்பேர் போடு. எழுத்துப் பிழைக்காமல்."

போட்டாள். பிறகு மூன்றையும் ஒன்றன்பின் ஒன்றாக வெளியே விட்டாள். மஞ்சள், சிவப்பு, வெள்ளை. மூன்றின் முதல் பக்கத்திலும் மற்ற இரண்டுக்கும் வழி வைத்தாள். கலக்கவேண்டாம் என்றவர்கள் இப்போது கலக்கச் சொல்லிக் கேட்டிருந்தார்கள்.

ஒரு கிழமைக்குள் உள்ளூர்ச் செய்திக்காரர்கள் வந்தார்கள். நகரசபையிலிருந்து பரிசோதகர்கள் வந்தார்கள், பேஸ்மென்ற்றுகள் திறக்கப்பட்டன. சிவப்பிலும் வெள்ளையிலும் அப்படி ஒரு வெடிப்பே இல்லை. மஞ்சளில் ஒரு வெடிப்பு இருந்தது, படத்தில் உள்ளது அல்ல, ஆள் இருக்கும்போதே திருத்தக்கூடியது. அந்த வாளி எந்தக் கட்டடத்தினது என்று கடைசிவரை யாருக்கும் தெரியவரவில்லை. சிவப்புக்கும் வெள்ளைக்கும் கொடுத்த நோட்டீஸ்கள் மாதம் முடியமுன் மீளப் பெறப்பட்டன. மஞ்சளின் வழக்கு விசாரணை வரைக்கும் போய், அங்கே பொறியியலாளர் வராதபடியால் தள்ளுபடியானது. முர்ஷிதா இரண்டு வாடிக்கையாளர்களை இழந்தாள். புடைவைக் கடைக்காரர் அதைச் சொல்ல நேரில் வந்தார், பாவம், முகத்தைப் பார்க்கவே இல்லை. ஜூலியன் வேலையை விட்டுவிட்டான் என்றார்கள், விட வைத்தார்கள் என்றும் சொன்னார்கள்.

கொம்பனி சும்மா இருக்கவில்லை. குளிர்காலம் முடியும் தறுவாயில் மஞ்சள் கட்டடத்துக்குப் புது நோட்டீஸ் வந்தது. இந்தமுறை வேறு பொறியியலாளர், வேறு படங்கள். கதவுக்குக் கீழால் வந்த தாள்களை முர்ஷிதா வாசித்து, ஸ்கேன் பண்ணி, மஞ்சளுக்குள் ஏற்றிவிட்டுப் பிரதீபாவுக்கு அனுப்பினாள்.

அன்று பின்னேரம் நிஸ்தார் கடைக்குப் போய் ஒரு டிரில் மெஷினும் புத்தகத் தட்டுக்கு நாலு பலகையும் வாங்கி வந்தான். அந்த வீட்டில் பதினொரு வருடத்தில் அவர்கள் சுவரில் ஓர் ஆணிகூட அடித்ததில்லை. எல்லாச் சாமானும் தரையில்தான், தூக்கிக்கொண்டு போக வசதியாக. நுஸ்ராவின் புத்தகங்கள் ஜன்னலுக்குக் கீழே இன்னும் அட்டைப்பெட்டிகளில் கிடந்தன.

"எங்க வைக்கிறது?" என்று கேட்டான், பென்சிலைக் காதில் செருகிக்கொண்டு.

முர்ஷிதா சுவரை அளந்து காட்டினாள். கொங்கிறீற் சுவர். டிரில் கத்திய கத்தில் கீழ்வீட்டுக்காரர் கூரையில் தட்டினார்.

"நிப்பாட்டட்டே?" என்றான்.

"வேண்டாம்," என்றாள் முர்ஷிதா, பலகையைச் சுவரோடு அழுத்திப் பிடித்தபடி. "இன்னும் ஏழு ஓட்டை இருக்கு."